முதல் சரக்கு கப்பல் ஏறும் முன்: சிறுதொழில் செய்வோரும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள்

ஈரோட்டு மஞ்சள், பொள்ளாச்சி கயிறு, கரூர் வீட்டுத் துணிகள், திருப்பூர் பனியன் என்று வெளிநாட்டுக்கு அனுப்பும் தரத்தில் சரக்கு நம்மிடம் நிறையவே இருக்கிறது. அனுப்பத் தெரிந்தவர்கள்தான் குறைவு. பத்துப் பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்துபவர்களுக்காகவும், வணிகவியல் படித்துக்கொண்டு இந்தத் துறைக்குள் வர நினைக்கும் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இருவரையும் ஒரே பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மாணவர்கள் பகுதியில் அதைச் சொல்கிறேன். பெரும்பாலான உதாரணங்களுக்கு மஞ்சள் தூளையே எடுத்திருக்கிறேன். உங்கள் சரக்கு வேறாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

ஐஇசி எண் வாங்கிவிட்டேன். இனி நான் ஏற்றுமதியாளர்தானே?

சட்டப்படி ஆம், தொழில்படி இன்னும் இல்லை. ஐஇசி என்பது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிஎஃப்டி தரும் ஏற்றுமதி இறக்குமதி எண். இணையத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டினால் கிடைத்துவிடும். 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு உங்கள் பான் எண்ணே ஐஇசி எண்ணாகவும் ஆகிவிட்டது. இதற்கு ஐயாயிரம், பத்தாயிரம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டியதே இல்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் டிஜிஎஃப்டி தளத்தில் நுழைந்து விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். முகவரி, வங்கி, பங்குதாரர் எதுவும் மாறாவிட்டாலும் செய்தாக வேண்டும். தவறினால் எண் செயலிழந்துவிடும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது அது தெரியவந்தால் பெரிய அலைச்சல்.

என் பார்வையில் இந்த எண் வாங்குவது கடைசியில் செய்தால்கூடப் போதும். எந்தப் பொருள், எந்த நாடு, என்ன விலை, பணம் எப்படி வரும் என்ற நான்குக்கும் பதில் இல்லாமல் வாங்கிய எண் கோப்பிலேயே கிடக்கும். அப்படிக் கிடப்பவை ஏராளம்.

வேறு என்னென்ன பதிவுகள் வேண்டும்?

நிறுவனத்தின் பெயரில் கரன்ட் அக்கவுன்ட், ஜிஎஸ்டி பதிவு, அந்நியச் செலாவணி கையாளும் வங்கிக் கிளை தரும் ஏடி கோடு ஆகியவை அடிப்படை. ஏடி கோடை எந்தத் துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாக அனுப்பப் போகிறீர்களோ அதற்காகச் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிய வேண்டும். தூத்துக்குடிக்குப் பதிந்துவிட்டுச் சரக்கைச் சென்னைக்கு லாரி ஏற்றினால் அங்கே வேலை நிற்கும்.

அடுத்து, உங்கள் பொருளுக்குரிய வாரியத்தின் அல்லது ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவின் பதிவு. மஞ்சள், மிளகாய், ஏலம் என்றால் கொச்சியில் உள்ள நறுமணப் பொருள் வாரியம். அங்கே ஏற்றுமதியாளர் சான்று வாங்காமல் மசாலாச் சரக்கு அனுப்ப முடியாது. வாழைப்பழம், காய்கறி, அரிசி என்றால் வேளாண் பொருள் ஏற்றுமதிக்கான அபெடா. இறால், மீன் என்றால் கடல் பொருள் ஏற்றுமதிக்கான எம்பெடா. ஆயத்த ஆடைக்கு ஏஇபிசி என்ற ஆடை ஏற்றுமதிக் குழு. தோல் பொருளுக்கான குழுவுக்கும் கைத்தறிக்கான குழுவுக்கும் தலைமையகமே சென்னைதான். எந்தக் குழுவிலும் அடங்காத பொருளுக்கு இந்திய ஏற்றுமதி அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபியோ இருக்கிறது.

உணவுப் பொருள் என்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிமமும் வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை இலவசமாகச் செய்துகொள்ளுங்கள். அதில் பலர் கவனிக்காத நன்மை ஒன்று உண்டு: நீங்கள் குறுந்தொழிலா, சிறுதொழிலா என்று பார்க்க விற்றுமுதலைக் கணக்கிடும்போது ஏற்றுமதித் தொகையைக் கழித்துவிடுவார்கள். ஏற்றுமதி வளர்ந்ததாலேயே சிறுதொழிலுக்கான சலுகை போய்விடும் என்ற பயம் தேவையில்லை.

எச்எஸ் கோடு என்கிறார்களே, அது எதற்கு?

எல்லாவற்றுக்கும். எந்தப் பொருள் என்று சுங்கத்துறைக்குச் சொல்லும் எண் அது. முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றே. அதன்பின் ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டியபடி நீட்டிக்கொள்ளும். இந்தியாவில் எட்டு இலக்கம். மஞ்சள் 091030. அதில் காய்ந்த மஞ்சளுக்கு 09103020, தூளுக்கு 09103030. திருப்பூர் பருத்தி டி-சர்ட்டுக்கு 610910. பின்னலாடை 61-ஆம் அத்தியாயத்தில் வரும், நெய்த துணியில் தைத்த ஆடை 62-ஆம் அத்தியாயத்தில் வரும்.

இறக்குமதி வரி எவ்வளவு, ஒப்பந்தச் சலுகை உண்டா, ஏற்றுமதிக்குத் தடை உண்டா, ஊக்கத்தொகை எத்தனை சதவீதம் என்ற எல்லாம் இந்த எண்ணைப் பிடித்துத்தான் வரும். ஆறு இலக்கத்தை நீங்கள் பாருங்கள். மீதியை வாங்குபவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். வரி கட்டப்போவது அவர், அவருடைய நாட்டில். பக்கத்துக் கடைக்காரர் போட்ட எண்ணையே நாமும் போடுவது ஆபத்தான பழக்கம்.

எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது? அமெரிக்காதானே பெரிய சந்தை?

பெரிய சந்தை என்பதும் உங்களுக்கு ஏற்ற சந்தை என்பதும் வேறு வேறு. ஜெனிவாவில் உள்ள பன்னாட்டு வர்த்தக மையம் நடத்தும் டிரேட் மேப் தளத்தில் ஆறு இலக்க எண்ணைக் கொடுத்தால், எந்த நாடு எவ்வளவு வாங்குகிறது, யாரிடமிருந்து வாங்குகிறது, ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். மத்திய வணிக அமைச்சகத்தின் தளத்தில் இந்தியாவிலிருந்து போனவற்றின் கணக்கு இருக்கிறது. ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் பத்து நாடுகளின் பட்டியல் கைக்கு வந்துவிடும்.

அந்தப் பத்தில் வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாடுகளைத் தனியே எடுங்கள். இலங்கையோடு 2000 மார்ச் முதல், ஜப்பானோடு 2011 ஆகஸ்ட் முதல், ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே முதல், ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பர் இறுதி முதல் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நாடுகளோடான ஒப்பந்தம் 2025 அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் இருப்பதாலேயே வரி குறைந்துவிடாது. உங்கள் எச்எஸ் எண் சலுகைப் பட்டியலில் இருக்க வேண்டும், பொருள் இந்தியாவில் உருவானது என்பதற்கான விதியைத் தாண்ட வேண்டும், சரக்கோடு மூலச் சான்றிதழ் போக வேண்டும். சான்றிதழ் இல்லாமல் போனால் வாங்குபவர் முழு வரி கட்டுவார். அடுத்த ஆர்டர் உங்களுக்கு வராது.

எடுத்த எடுப்பில் அமெரிக்கா வேண்டாம் என்பது என் கருத்து. தொலைவு, காப்பீடு, பொருளால் பாதிப்பு என்று வாடிக்கையாளர் போடும் நட்டஈட்டு வழக்கு, உணவு விதிகள் எல்லாமே கனமானவை. கொழும்பும் துபாயும் சிங்கப்பூரும் கற்றுக்கொள்ள ஏற்ற இடங்கள். எந்த நாடானாலும் அதையே முழுக்க நம்பிவிடாதீர்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியப் பொருட்களின் மேல் அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமானபோது, திருப்பூரில் அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கும் ஐரோப்பாவுக்கும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கும் நிலைமை ஒன்றாக இல்லை.

நம்மூரில் நன்றாக விற்கிற பொருள். வெளிநாட்டில் திருப்பி அனுப்புவார்களா?

அனுப்புவார்கள். சில சமயம் திருப்பிக்கூட அனுப்பாமல் அழித்துவிட்டு, அழித்த செலவையும் கேட்பார்கள். இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இது.

மஞ்சளையே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மஞ்சள், மிளகாய், மிளகு, இஞ்சி ஆகியவற்றில் அஃப்ளடாக்சின் பி1 என்ற பூஞ்சை நஞ்சு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமும், மொத்த அஃப்ளடாக்சின் 10 மைக்ரோகிராமும்தான் இருக்கலாம். சரியாகக் காயாத மஞ்சளை ஈரமான கிட்டங்கியில் வைத்தால் இந்த எல்லை எளிதாகத் தாண்டிவிடும். பிறகு எத்தனை நல்ல இயந்திரத்தில் அரைத்தாலும் நஞ்சு போகாது. ஆக, ஏற்றுமதித் தரம் என்பது உங்கள் ஆலையில் தொடங்குவதில்லை, விவசாயியின் களத்தில் தொடங்குகிறது. எந்த ஊர், எந்த விவசாயி, எந்தத் தேதி என்று லாட் வாரியாகக் குறித்துவைக்கும் நோட்டு ஒன்று இன்றே போடுங்கள்.

அடுத்தது கலப்படம். நிறம் ஏற்ற ஈய குரோமேட் என்ற ஈயம் கலந்த ரசாயனம் தடவிய மஞ்சள் உடலுக்குக் கேடு. ஈயம் பரிசோதனையில் கட்டாயம் மாட்டும். 2003-இல் மிளகாய்த் தூளில் உணவில் சேர்க்கக் கூடாத சூடான் சாயம் இருந்தது ஐரோப்பாவில் பிடிபட்ட பிறகுதான் நறுமணப் பொருள் வாரியம் அதற்கான கட்டாயப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. யாரோ சிலர் செய்ததற்கு எல்லோரும் பரிசோதனைக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். கிருமி நீக்கத்துக்கு எத்திலீன் ஆக்சைடு வாயு அடிப்பதும் அப்படித்தான். சில நாடுகள் ஓரளவு அனுமதிக்கின்றன, ஐரோப்பா அனுமதிப்பதில்லை. 2024-இல் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இதே காரணத்தால் சில இந்திய மசாலாக்களை அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லின.

அமெரிக்காவுக்கு உணவு அனுப்பினால் தயாரிக்கும் இடத்தை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ-வில் பதிய வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் ஒரு முகவரையும் காட்ட வேண்டும். இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது, எஃப்டிஏ சான்றிதழும் தருவதில்லை. பளபளப்பான “எஃப்டிஏ சான்றிதழ்” விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். எள்ளுருண்டை, எள்ளு மிட்டாய் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2023 ஜனவரி முதல் அமெரிக்காவில் எள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள். உறையில் அதை எழுதாவிட்டால் சரக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நிற்கும்.

மரப்பெட்டி, மரப் பலகையில் அடுக்கி அனுப்புகிறவர்கள் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருந்ததாகச் சான்றுள்ள, முத்திரை குத்திய மரத்தையே வாங்குங்கள். உள்ளே இருப்பது இரும்பு உதிரி பாகமாக இருந்தாலும் விதி அதே. விதை, செடி, தானியம் போன்றவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்று தனியாக வேண்டும்.

விலை எப்படிப் போடுவது?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நானே வைத்தவை. ஆயிரம் கிலோ மஞ்சள் தூள், ஆலை வாசலில் கிலோ 200 ரூபாய் அடக்கம் என்றால் 2,00,000. பை, அட்டைப்பெட்டி, லேபிள் 12,000. ஆய்வகப் பரிசோதனை 15,000. தூத்துக்குடி வரை லாரி 10,000. சுங்க வேலைகளை நமக்காக முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் (சுங்கத் தரகர்), சரக்கு நிலையம், துறைமுகக் கட்டணங்கள் 25,000. வங்கி, ஆவணக் கூரியர் 5,000. மொத்தம் 2,67,000. பன்னிரண்டு சதவீத லாபம் வைத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 299 ரூபாய். டாலர் 85 ரூபாய் என்றால் 3.52 டாலர்.

ஆலை வாசலில் 200 ரூபாய்ச் சரக்கு கப்பலேறும்போது 267 ஆகிவிட்டது. பரிசோதனை, ஏஜென்ட், ஆவணச் செலவெல்லாம் ஒரு டன்னுக்கும் மூன்று டன்னுக்கும் பெரிதாக வித்தியாசப்படாது. அதனால்தான் மிகச் சிறிய கடல் சரக்கு கட்டுப்படியாகாமல் போகிறது. பணம் வரும் நாளில் டாலர் 83-க்கு இறங்கியிருந்தால் கிலோவுக்கு ஏழு ரூபாய் போச்சு. 32 ரூபாய் லாபத்தில் ஏழு ரூபாய் என்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பெரிய ஆர்டர் என்றால் முன்கூட்டியே மாற்று விகிதத்தை உறுதி செய்துகொள்ளும் வசதி பற்றி வங்கியில் கேளுங்கள்.

ஏற்றுமதிப் பொருளின் மேல் உள்நாட்டில் விழுந்த வரிகளைத் திருப்பித் தரும் ஆர்ஓடிடெப், சுங்க வரியைத் திருப்பித் தரும் டிராபேக் போன்ற அரசுத் தொகைகளை விலைக்குள் கழித்துவிடாதீர்கள். விகிதம் மாறும், தாமதமாகும். அது வந்தால் கூடுதல் என்று இருக்கட்டும்.

எஃப்ஓபி, சிஐஎஃப் என்றெல்லாம் கேட்கிறார்கள். எதைச் சொல்வது?

பாரிஸில் உள்ள பன்னாட்டு வணிகச் சபை வகுத்த இன்கோடெர்ம்ஸ் விதிகள் இவை. 2020 பதிப்பில் பதினொன்று உள்ளன. செலவு யாருடையது, சரக்குக்கு ஏதாவது ஆனால் நட்டம் யாருடையது என்பதை மூன்றெழுத்தில் சொல்லிவிடும். எஃப்ஓபி என்றால் கப்பலில் ஏறும் வரை உங்கள் பொறுப்பு. சிஐஎஃப் என்றால் கப்பல் வாடகையும் காப்பீடும் உங்களுடையவை, ஆனால் நட்டப் பொறுப்பு கப்பலேறியதுமே வாங்குபவருக்குப் போய்விடும். இந்த இரண்டாவது பகுதியைத் தெரியாமல் சண்டை போடுபவர்கள் அதிகம்.

நம் பக்கம் எல்லோரும் பழக்கத்தில் எஃப்ஓபி என்றே சொல்கிறோம். கன்டெய்னர் சரக்குக்குப் பொருத்தமானது எஃப்சிஏ. கப்பல் வருவதற்கு முன்பே நீங்கள் முனையத்தில் ஒப்படைத்துவிடுகிறீர்கள், அதன்பின் அது உங்கள் கையில் இல்லை. ஆரம்பத்தில் எஃப்சிஏ அல்லது எஃப்ஓபி-யோடு நில்லுங்கள். வாங்குபவர் நாட்டு வரியையும் கட்டி அவர் வாசலில் இறக்கும் டிடிபி-யை, அந்த நாட்டின் வரி விவரம் முழுக்கத் தெரியும்வரை ஒப்புக்கொள்ள வேண்டாம். கோட்டேஷனில் வெறும் “எஃப்ஓபி” என்று விடாமல் “எஃப்ஓபி தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020” என்று இடத்தோடு எழுதுங்கள்.

பணம் வராமல் போனால்?

தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. முழு முன்பணம் கிடைத்தால் நல்லது; புதிய ஆளுக்கு அதை யாரும் எளிதில் தரமாட்டார்கள். பாதி முன்பணம், மீதி ஆவணப் பிரதி கண்டதும் என்பது சிறிய ஆர்டரில் நடைமுறையில் ஒத்துக்கொள்ளப்படுவது. வங்கி வழியாக ஆவணம் போய், பணம் கட்டினால்தான் வாங்குபவர் கையில் கொடுப்பார்கள் என்ற டிபி முறையில் ஓரளவு பிடி உண்டு. ஆனால் அவர் வரவே இல்லையென்றால் சரக்கு அங்கே நிற்கும், வாடகை ஏறும். கையெழுத்துப் போட்டுவிட்டு ஆவணத்தை எடுத்துக்கொண்டு பிறகு பணம் தரும் டிஏ முறை பழகியவர்களோடு மட்டும்.

ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி உறுதி தரும் லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது எல்சி பாதுகாப்பானது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டும் பார்க்கும். எல்சி-க்கான பன்னாட்டு விதிகளான யுசிபி 600-இன்படி ஐந்து வங்கி வேலை நாட்களுக்குள் சரிபார்ப்பார்கள். கப்பலேறி 21 நாட்களுக்குள் ஆவணம் கொடுக்கப்பட வேண்டும். எல்சி-யில் வேறு கெடு போட்டிருந்தால் அது. நிறுவனப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், பேக்கிங் லிஸ்ட்டில் எடை வேறு, கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் வேறு என்றிருந்தாலும் நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. எனவே எல்சி வந்த அன்றே வரி வரியாகப் படியுங்கள். நிறைவேற்ற முடியாத நிபந்தனை இருந்தால் சரக்கு கிளம்பும் முன் திருத்தச் சொல்லுங்கள். கிளம்பிய பின் கேட்டால் வாங்குபவர் தள்ளுபடி கேட்பார்.

1957-இல் தொடங்கிய அரசு நிறுவனமான இசிஜிசி, வாங்குபவர் திவாலானாலோ பணம் தராமல் போனாலோ இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்யும் காப்பீடு தருகிறது. வாங்குபவரைப் பற்றிய கடன் அறிக்கையும் அவர்களிடம் கேட்டு வாங்கலாம். கடனுக்கு அனுப்பும் முன் அதை வாங்கிவிடுங்கள். ஏற்றுமதிப் பணம் ரிசர்வ் வங்கி வைத்த காலக்கெடுவுக்குள் இந்தியா வந்து சேர வேண்டும். கெடு அவ்வப்போது மாறுவதால் அனுப்பும் நாளில் உங்கள் வங்கிக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குபவரை எங்கே தேடுவது? ஏமாற்றுக்காரரை எப்படி அறிவது?

உங்கள் வாரியமும் குழுவும் நடத்தும் வாங்குவோர் விற்போர் சந்திப்பு, வெளிநாட்டுக் கண்காட்சி, அந்தந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வணிகப் பிரிவு ஆகிய மூன்றையும் முதலில் முயலுங்கள். டிஜிஎஃப்டி 2024-இல் தொடங்கிய டிரேட் கனெக்ட் தளமும் இருக்கிறது. கோலாலம்பூர், சிங்கப்பூர், லண்டன், டொரண்டோ என்று தமிழ்க் கடைகள் உள்ள ஊர்களில் நம் பொருளை விளக்க வேண்டியதே இல்லை என்பது பெரிய வசதி. ஆனால் அந்தக் கடைக்காரர்கள் பெரும்பாலும் அங்கேயே உள்ள மொத்த இறக்குமதியாளரிடம்தான் வாங்குகிறார்கள். கடைக்காரரிடம் “உங்களுக்கு யார் சரக்கு போடுகிறார்கள்” என்று கேளுங்கள்.

ஏமாற்றுபவர் விலையைப் பற்றிப் பேரமே பேசமாட்டார். மாதிரி பார்க்காமல் ஐந்து கன்டெய்னர் கேட்பார். பிறகு “எங்கள் நாட்டில் சப்ளையர் பதிவுக் கட்டணம்”, “வழக்கறிஞர் கட்டணம்” என்று உங்களிடம் பணம் கேட்பார். விற்பவர் வாங்குபவருக்குப் பணம் கட்டும் வழக்கம் எங்குமே இல்லை. இன்னொரு வகை, நடுவில் மின்னஞ்சலுக்குள் புகுந்து வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக எழுதுவது. கணக்கு மாற்றம் என்று யார் எழுதினாலும், பழைய எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, குரலைக் கேட்டு உறுதிசெய்யும்வரை எதுவும் செய்யக்கூடாது. உங்கள் வாடிக்கையாளரிடமும் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவையுங்கள்.

கன்டெய்னர் அளவுக்குச் சரக்கு இல்லை. பத்துக் கிலோ, இருபது கிலோ அனுப்ப முடியுமா?

முடியும். அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரங்கள், அதாவது அஞ்சலக ஏற்றுமதி மையங்கள், இதற்காகவே பல அஞ்சல் அலுவலகங்களில் உள்ளன. அஞ்சல் வழி ஏற்றுமதிக்கான பில்லை இணையத்திலேயே பதிந்து அனுப்பலாம். கைவினைப் பொருள், கைத்தறி, சிறு உணவுப் பொட்டலம் செய்பவர்களுக்கு, குறிப்பாக மகளிர் குழுக்களுக்கு, இந்த வழி இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது வருத்தம்.

கூரியரில் எடை மட்டும் பார்க்காதீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்ப்பார்கள். எது அதிகமோ அதற்குக் கட்டணம். 60, 40, 40 செ.மீ. பெட்டியில் ஆறு கிலோ பனையோலைக் கூடை போட்டால் 19.2 கிலோவுக்குப் பணம். கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி வடிவமைத்தால் அதே பெட்டியில் மூன்று மடங்கு போகும்.

ஜிஎஸ்டி?

ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம். ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிமொழியைத் தளத்தில் பதிந்துவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம். இல்லையென்றால் ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) கட்டிவிட்டுத் திரும்பப் பெறலாம். அதற்கு, சரக்கு அனுப்பச் சுங்கத்துறையில் பதியும் ஆவணமான ஷிப்பிங் பில்லே விண்ணப்பமாகக் கொள்ளப்படும். கையில் பணம் முடங்கக் கூடாது என்பதால் சிறியவர்களுக்கு எல்யூடி-யே ஏற்றது.

சொந்தத் தொழிற்சாலை இல்லை. வாங்கி அனுப்பலாமா?

தாராளமாக. உள்ளூர் உற்பத்தியாளரிடம் 0.1 சதவீத ஜிஎஸ்டியில் வாங்கி, பில் தேதியிலிருந்து 90 நாளுக்குள் அனுப்பும் சலுகைகூட உண்டு. ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவிலோ வாரியத்திலோ பதிவு செய்திருக்க வேண்டும், ஷிப்பிங் பில்லில் உற்பத்தியாளரின் ஜிஎஸ்டி எண் வர வேண்டும். ஆனால் தரத்துக்கு வெளிநாட்டுக்காரர் உங்களைத்தான் பிடிப்பார். உற்பத்தி நடக்கும்போது நேரில் போய் நிற்க முடியாத சரக்கை எடுக்காதீர்கள்.

நான் மாணவன். எந்தப் படிப்பு படித்தால் இந்தத் துறையில் வேலை கிடைக்கும்?

1963-இல் டெல்லியில் தொடங்கிய இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனம், ஐஐஎஃப்டி, இத்துறைக்கென்றே இருப்பது. நுழைவுத் தேர்வு எழுதி மேற்படிப்புக்குப் போகலாம். சென்னையில் மையம் உள்ள இந்திய பேக்கேஜிங் நிறுவனத்தையும் யோசியுங்கள். பேக்கிங் தெரிந்தவர்கள் ஏற்றுமதியில் எப்போதும் தேவைப்படுகிறார்கள், அந்தப் படிப்பை நாடுபவர்கள் குறைவு.

பட்டம் மட்டும் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். 2018-ஆம் ஆண்டு சுங்கத் தரகர் விதிகளின்படி எச் கார்டு என்ற அடையாள அட்டையோடு உதவியாளராகச் சேரலாம், தேர்வு எழுதி ஜி கார்டு வாங்கலாம், பின்னாளில் எஃப் கார்டுக்கும் உரிமத்துக்கும் போகலாம். வெயிலில் சரக்கு நிலையத்துக்கும் சுங்க அலுவலகத்துக்கும் ஓடும் வேலைதான். ஆனால் ஒரே மாதத்தில் துணி, மசாலா, இயந்திரம், தோல் என்று எல்லாச் சரக்கின் ஆவணமும் கையில் புரளும். எந்த வகுப்பறையும் அதைத் தராது.

படிக்கும்போதே என்ன செய்யலாம்?

இருவரையும் ஒரே பக்கத்தில் வைத்த காரணம் இங்கே வருகிறது. சிறுதொழில் செய்பவருக்குப் பொருள் தெரியும், ஆனால் காலை முதல் இரவு வரை பட்டறையில் நிற்பவருக்கு ஐரோப்பிய விதிமுறையைத் தேடிப் படிக்க நேரமில்லை, பலருக்கு அந்த ஆங்கிலமும் கடினம். மாணவருக்கு நேரமும் இணையமும் உண்டு. சரக்கைத் தொட்டுப் பார்த்த அனுபவம் இல்லை. இவர்கள் இருவரும் சந்திக்காமலே இருப்பதுதான் நம் ஊர்களின் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊரில் ஒரே ஒரு சிறு தொழிலகத்துக்குப் போங்கள். “அண்ணா, உங்கள் பொருளை வெளிநாட்டில் யார் வாங்குகிறார்கள் என்று பார்த்துச் சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். எச்எஸ் எண், அதிகம் வாங்கும் ஐந்து நாடுகள், அந்நாட்டு வரி, இந்தியாவுக்குச் சலுகை உண்டா, கட்டாயச் சான்றுகள், உறையில் வர வேண்டிய விவரங்கள் ஆகியவற்றை இரண்டே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். அவர் உடனே நாலு கேள்வி கேட்பார். “இந்த ஈரப்பத அளவு எங்கள் சரக்குக்கு எந்த மாதத்தில் கிடைக்கும் தெரியுமா தம்பி?” என்பது போன்ற கேள்வி. அதற்குப் பதில் தேடும்போதுதான் படிப்பு தொடங்குகிறது.

கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுத் திட்ட அறிக்கையை எங்கிருந்தோ எடுத்து ஒட்டவிடுவதை நிறுத்திவிட்டு, இந்த இரண்டு பக்கத்தைக் கேளுங்கள். மாவட்டத் தொழில் மையத்திடம் பட்டியல் கேட்டால் தொழிலகங்கள் கிடைக்கும். மாணவர் வாங்குபவரிடம் பேசுவதோ விலை சொல்வதோ வேண்டாம்; தொழிலகத்தின் விலையும் வாடிக்கையாளர் பெயரும் வெளியே போகக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயணச் செலவையாவது தொழிலகம் கொடுக்கட்டும்.

“மூன்று நாளில் ஏற்றுமதியாளர் ஆகலாம், வாங்குபவர் பட்டியலும் தருகிறோம்” என்று விளம்பரம் வருகிறது. சேரலாமா?

வாங்குபவர் பட்டியல் தருகிறோம் என்று சொன்னாலே நான் ஒதுங்கிவிடச் சொல்வேன். அந்தப் பட்டியல் நூறு பேருக்குப் போயிருக்கும், அதில் உள்ளவர்கள் பதில் எழுதி அலுத்திருப்பார்கள். பணம் கட்டும் முன் பொதுத்துறையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். சென்னை, கோவை, மதுரையில் டிஜிஎஃப்டி அலுவலகம் இருக்கிறது. புதியவர்களுக்கு வழிகாட்ட 2011-இல் தொடங்கிய நிர்யாத் பந்து திட்டம் அவர்களுடையது. கிண்டியில் உள்ள தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் ஏற்றுமதி இறக்குமதிப் பயிற்சிகளைக் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. ஃபியோவும் வாரியங்களும் ஊர் ஊராகக் கருத்தரங்கு வைக்கின்றன. கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் அதிகாரியிடம் உங்கள் பொருளைச் சொல்லி ஒரே ஒரு குறிப்பான கேள்வி கேளுங்கள்.

முதல் சரக்கு போக எவ்வளவு காலம் ஆகும்?

பதிவுகளுக்குச் சில வாரம் போதும். வாங்குபவரைப் பிடித்து, மாதிரி அனுப்பி, அவர் பரிசோதித்து, திருத்தம் சொல்லி, மறுமாதிரி அனுப்பி, விலை படிந்து ஆர்டர் வர ஆறு மாதமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். அதுவரை உள்ளூர் வியாபாரத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டுச் செலவும் ஆட்கள் சம்பளமும் அதிலிருந்துதான் வர வேண்டும். மாதிரி, பரிசோதனை, கூரியருக்கென்று தொகை ஒன்றைத் தனியே ஒதுக்கி, அது தீர்ந்தால் நிறுத்தி யோசிப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆர்டர் கையில் வந்த பிறகு, அதைக் காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் கேட்கலாம். சரக்கு வாங்கவும் அரைக்கவும் அந்தக் கடன் உதவும். அனுப்பிய மாதிரியில் அரைக் கிலோவை முத்திரையிட்டு, தேதி எழுதி, உங்களிடமே வைத்திருங்கள். சரக்கு மாதிரிபோல் இல்லை என்று புகார் வந்தால் எடுத்துக்காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.